யாரும் பிடிக்காத பிரேக்

புழுதிக்காற்று ஓய்ந்த மறுநாள்
ஷார்ஜா ரோலாவில் எல்லாமே ஒரே நிறம்.
பக்காலா முதலாளி மொய்தீன்குட்டி
சைக்கிள் சீட்டில் விரலால் ஒரு கோடு கிழித்து
அந்த விரலை என்னிடம் காட்டினார்.
வேறு எதுவும் சொல்லவில்லை.

கார் கழுவும் இடத்தில் ரஃபிகுல்
ஐந்து திர்ஹமுக்குத் துப்பாக்கி பிடித்தான்.
செயினில், மோட்டாரின் அச்சில்,
வயர்கள் போய் ஒளிந்துகொள்ளும் இடுக்கில்,
நீர் போகக் கூடாத இடமாகப் பார்த்துப் பார்த்து
அடித்தான். நானும்தான் நின்றேன்,
இன்னும் கொஞ்சம் அங்கே என்று கை காட்டிக்கொண்டு.

பளபளவென்று நின்றது வண்டி.
திராட்டிலைத் திருகினேன்.
ஒரு விக்கல். இன்னொரு விக்கல்.
திரையில் எட்டு என்று ஓர் எண்.
பிறகு ஒன்றுமில்லை.

பெட்டியில் அரைக் கிலோ சின்ன வெங்காயம்,
லபான் இரண்டு, கறிவேப்பிலை.
இரண்டு தெரு நடந்து, பதினாலாம் மாடி.
கதவைத் திறந்த அம்மாள் மணியைப் பார்த்தார்.
அந்தப் பார்வையிலும் ஓர் எண் இருந்தது.

கடைக்குப் பின்சந்தில்
பேட்டரியை முதலில் கழற்றி வைத்தேன்.
எனக்குத் தெரிந்த ஒரே விதி அது.
இணைப்பைப் பிரித்தால்
தடித்த வயர் மூன்று, மெலிந்தது ஐந்து.
மெலிந்தவற்றின் நடுவே ஒரு சொட்டு,
சந்தின் முழு வானத்தையும் தலைகீழாக வைத்துக்கொண்டு
அசையாமல் உட்கார்ந்திருந்தது.
ஊதினேன். துடைத்தேன்.
நாற்பத்திரண்டு டிகிரி வெயில்
எதையும் உலர்த்தும்,
ரப்பருக்குள் போன நீரைத் தவிர.

அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்து
தில் பகதூரின் முடி உலர்த்தியைக் கேட்டேன்.
தினமும் அரைமணி நேரம் அழகாகிறவன் அவன்.
சூட்டைக் குறைத்து வை, கருகிவிடும் என்றான்,
முடியைச் சொல்வதுபோலவே.

மாட்டினேன். திருகினேன்.
எட்டு மறைந்தது.
சக்கரம் மட்டும்
என்னை யாரென்றே தெரியாததுபோல் நின்றது.
மோட்டார் போச்சு என்றான் ஒருவன்.
கன்ட்ரோலர் என்றான் மேல்கட்டில்காரன்.
எதுவானாலும் சம்பளத்தில் பிடிப்பேன்,
இது போனில் மொய்தீன்குட்டி.

ஒன்பது மணிக்கு அமிர்தவல்லி கூப்பிட்டாள்.
திருப்பூரில் பத்தரை. ஷிஃப்ட் முடிந்து,
சட்டையில் இன்னும் பஞ்சு.
"மூஞ்சி ஏன் இப்பிடி?"
சொன்னேன். கொட்டாவியோடு கேட்டாள்.
"எங்க மிஷின்ல விரல் காப்பு மூடலைன்னா ஊசி எறங்காது.
பஞ்சு அடைச்சுக்கிட்டாலும்
மூடலைன்னுதான் அது நெனச்சுக்கும்.
எல்லாரும் மோட்டாரத் திட்டுவாங்க.
மோட்டார் பாவம், சொன்னதக் கேக்குது.
உங்க வண்டில எது அத நிக்கச் சொல்லுது?
அதப் பாருங்க மொதல்ல."

போனைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு
படிக்கட்டின் கீழே குனிந்தேன்.
பிரேக் பிடியின் அடியில்
கடுகளவு காந்தம். எதிரே ஒரு கண்.
இரண்டுக்கும் நடுவில் நேற்றைய காற்று
நனைந்து, சேறாகி, இறுகிக் கிடந்தது.
பிடி முழுதாகத் திரும்பி வரவில்லை,
ஒரு நெல்லளவு பாக்கி.
அந்த நெல்லளவில்,
யாரோ பிரேக்கை அழுத்திக்கொண்டே இருப்பதாகக்
காலையிலிருந்து நம்பியிருக்கிறது மோட்டார்.

பல்குச்சி. பழைய பிரஷ். மறுபடி உலர்த்தி.
டிக் என்று தன் இடத்துக்குப் போனது பிடி.
பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு திருகினேன்.
ஓடியது.
பிரேக்கைத் தொட்டேன். நின்றது,
இந்த முறை நான் சொல்லி.

போனைத் திருப்பிக் காட்டினேன்.
திரையில் தலையணை ஓரமும் ஒரு காதும்தான்.
தூங்கிவிட்டிருந்தாள்.
சக்கரத்தை இன்னும் கொஞ்ச நேரம் சுழலவிட்டேன்,
அந்தக் காதுக்காக.

காலையில் மொய்தீன்குட்டி
சீட்டில் ஒரு கோடு கிழித்தார்.
ராத்திரியே புதுசாய்ப் படிந்திருந்தது புழுதி.
விரலைக் காட்டினார்.
நான் ஈரத்துணியைக் காட்டினேன்.